மாட்டைப் பத்தியும் சொல்லணும்

முப்பத்தெட்டாம் நம்பர் வெளியே வந்து முப்பத்தொன்பதைக் கூப்பிட்டாயிற்று. கோகிலவாணியின் கையிலிருந்த சீட்டு அறுபத்து மூன்று. தாலுகா ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவுக் கதவுக்கு எதிரே, சுவரோரத்து இரும்பு பெஞ்சில், மூன்றரை வயது மகள் தன்விகாவை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் இருபத்து நாலு பேர் போக வேண்டும். அதற்குள் ஒரே ஒரு வாக்கியத்தை வாய்க்குப் பழக்கிவிட வேண்டும். டாக்டரம்மா, எங்கூட்டு மாடு கன்னு வீசிருச்சுங்க. அவ்வளவுதான். மாசம் நிறையும் முன்னே பசு கன்றைச் செத்ததாகத் தள்ளிவிட்டது என்கிற சங்கதி, அவள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நாலு தரம் சொல்லிப் பார்த்தாள், நன்றாகத்தான் வந்தது. இங்கே வந்து உட்கார்ந்ததும் அதே வாக்கியம் அசட்டுத்தனமாகிவிட்டது. பிள்ளையைக் காட்ட வந்தியா, மாட்டைக் காட்ட வந்தியா என்று கேட்பார்கள். கேட்பார்கள் என்ன, கேட்டே விட்டார்களே! போன மாசம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து கிளினிக்கில் அந்த டாக்டர் எழுதிக்கொண்டே, நிமிராமலே, “மாட்டைப் பத்தி மாட்டாஸ்பத்திரில போய்ச் சொல்லும்மா” என்றார். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை, பாவம், அன்றைக்கு வாசல் தாண்டி ரோடு வரைக்கும் ஆள் நின்றது. ஆனால் அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாளே, அதுதான் இன்றைக்கும் எரிகிறது. உன்ற புள்ளை மடியில சுட்டுக்கிட்டுக் கெடக்குது, நீ எதுக்குடி சிரிச்ச? அவிய சிரிச்சா நீயும் சிரிப்பியா? இப்படித் தன்னைத்தானே கேட்டுக்கொண்டு ஒரு மாசமாகிறது. 

நாற்பது. காய்ச்சல் ஒன்றும் உலகத்தில் இல்லாத காய்ச்சல் அல்ல. காய்ச்சல் வராத பிள்ளை எங்கே இருக்கிறது? ஆனால் இதுக்கு ஒரு குணம். பொழுதோடதான் வரும். மத்தியானம் வரைக்கும் மாட்டுக் கட்டுத்தரையில் கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டு திரிகிற பிள்ளை, வெயில் தாழ்ந்ததும் வந்து காலைக் கட்டிக்கொள்ளும். தூக்கினால் நெற்றி சுடும், கண் சொருகும், சோறு வேண்டாம், எதுவும் வேண்டாம். விடியும்போது குளித்த மாதிரி வேர்த்துவிட்டு, காய்ச்சல் வந்த சுவடே இருக்காது. நாலு நாள் அப்படி, அஞ்சு நாள் அப்படி. பிறகு ஒரு வாரம் சும்மா இருக்கும். போய்த் தொலைஞ்சுதடா சாமி என்று மூச்சு விட்டால், அடுத்த திங்கக்கிழமை பொழுதோட மறுபடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும். மார்கழியில் ஆரம்பித்தது, இப்போது பங்குனி. டைபாய்டு என்றார்கள், அதுக்கு மருந்து. மறுபடியும் டைபாய்டு என்றார்கள், மறுபடியும் மருந்து. மூத்திரத்தில் பூச்சி என்றார் ஒருத்தர். பல்லு முளைக்கிற சூடு என்றார் மருந்துக்கடைக்காரர். மூணரை வயசில் என்ன பல்லு முளைக்கிறது, அவருக்கே வெளிச்சம். மாசிக் கடைசியில் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது. இடது காலைத் தரையில் ஊன்றாமல், நுனிவிரலில் தொட்டுத் தொட்டு. என்ன கண்ணு என்றால் இடுப்புப் பக்கம் கையை வைத்து, “இங்க கடிக்குதும்மா” என்றது. எறும்பு கிறும்பு புகுந்திருக்கிறதா என்று சட்டையைக் கழற்றி உதறிப் பார்த்தாள். எறும்பு எங்கே இருந்தது? எலும்பு வைத்தியர் முட்டைப் பத்துப் போட்டுக் கட்டினார், பத்து காய்ந்து உதிர்ந்ததுதான் மிச்சம். பக்கத்துத் தோட்டத்துப் பாவாயக்கா வரப்பில் நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். “தூக்கித் தூக்கி வெச்சுப் பழக்கிட்ட. எறக்கி உட்டுட்டு நீ பாட்டுக்கு வேலையப் பாரு, தானா நடப்பா.” அவள் சொன்னதைக் கேட்டு ஒரு நாள் இறக்கியும் விட்டாள். பிள்ளை வாசலில் உட்கார்ந்து, கூப்பிடக்கூட இல்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது. 

“கொழந்தைக்கு என்னங்க?” பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள். அவள் மடியிலும் ஒன்று, மொட்டை அடித்த தலையோடு.

“காச்சலுங்க. காலு வேற ஊன மாட்டேங்கறா.”

“எத்தனை நாளா?”

“மார்கழியிலருந்துங்க.”

அந்தப் பெண் தன் பிள்ளையின் காலை தன்விகாவின் மேல் படாமல் மெதுவாக அந்தப் பக்கம் மடக்கி வைத்துக்கொண்டாள். தப்பு சொல்ல முடியாது, கோகிலவாணியாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். இவளிடமாவது சொல்லிப் பார்க்கலாம் என்று தொண்டை வரைக்கும் வந்தது. எங்கூட்டு மாடு கன்னு வீசிருச்சுங்க, அதனாலயா இருக்குமோன்னு. ஒரு ஆளிடம் ஒரு தரம் சத்தமாகச் சொல்லிவிட்டால் டாக்டரிடம் சொல்வது சுலபமாகிவிடும் அல்லவா? ஆனால் அந்தப் பெண் அதற்குள் போனை எடுத்துக்கொண்டாள். சரி போ. வீட்டிலும் இதே கதைதான். தோட்டத்து நடுவில் ஒற்றை வீடு. சுற்றிலும் மரவள்ளிக் காடு, ஆள் முகம் பார்க்க வேண்டும் என்றால் வரப்போடு கால் மைல் நடக்க வேண்டும். புருஷன் செங்கோட்டுவேலு போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கர் போய்ப் பதினோரு மாசம். எங்கேயோ பாறைக்காட்டில் நின்று பூமியைத் துளைத்துக்கொண்டு இருக்கிறான். வீடியோவில் வந்தால் பின்னால் கம்ப்ரஸர் ஓடுகிற இரைச்சல்தான் பெரிசு. “நல்லாருக்கியா, பாப்பா நல்லாருக்கா, மாடு பால் கறக்குதா?” என்று கத்துவான். “எல்லாம் நல்லாருக்கறோம்” என்று இவளும் கத்துவாள். கத்திச் சொல்லுகிற பேச்சில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? கால் ஊன மாட்டேங்கறா என்று கத்தினால் அவன் அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வான்? ரெண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து அழுதுகொண்டு வருவான். வரட்டுமே, வந்தால்தான் என்ன என்றும் தோன்றியது. பிறகு போனை அணைத்துவிட்டு மாட்டுக்குத் தீவனம் கரைக்கப் போனாள். அவள் ஒரு நாளில் அதிகம் பேசுகிற ஜீவன் அந்தச் செவலை மாடுதான், உள்ளதைச் சொன்னால்.

நாற்பத்தேழைக் கூப்பிட்டார்கள், ஆளைக் காணோம். நாற்பத்தெட்டு. மழை விட்டும் விடாமலும் இருந்த ஐப்பசி மாசம் அது. காலையில் கட்டுத்தரைக்குப் போனால் செவலை எழுந்து நிற்கிறது, பின்னால் தரையில் ஈரமாக, ரோமம் முளைத்தும் முளைக்காத கன்று. ஏழாம் மாசம். தொட்டுப் பார்த்தாள், குளிர்ந்துபோய்க் கிடந்தது. பாப்பா தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். திரும்பினால் பின்னாலேயே வந்து நிற்கிறது. “கன்னுக்குட்டி தூங்குதாம்மா?” ஆமா சாமி, தூங்குது. கன்றை வரப்போரம் குழி தோண்டிப் புதைத்தாயிற்று. ஆனால் நஞ்சுக்கொடி, அவர்கள் பேச்சில் இளங்கொடி, விழவில்லை. மாட்டு டாக்டருக்குப் போன் போட்டால் அவர் வேறு ஊரில் இருக்கிறார், நாளைக்கு வருகிறேன் என்றார். நாளைக்கு வரைக்கும் அந்தக் கொடியை உள்ளே வைத்துக்கொண்டு மாடு தாங்குமா? கல்யாணமாகி வந்த வீட்டில் எல்லாவற்றையும் தனியாகவே பழகிக்கொண்டவளுக்கு இது என்ன பிரமாதம் என்று ஒரு திமிர். ஆமாம், திமிர்தான், அதை வேறு பெயர் வைத்துக் கூப்பிட வேண்டாம். தேங்காய் எண்ணெயைக் கையில் பூசிக்கொண்டு முழங்கை வரைக்கும் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டாள். கிழிந்து கிழிந்துதான் வந்தது. நாற்றம் என்றால் நாற்றம், வழக்கமான பேறுகால நாற்றம் இல்லை அது. பாப்பா பக்கத்திலேயே குந்திக்கொண்டு வேடிக்கை பார்த்தது. அந்தப் பக்கம் போ கண்ணு என்று சொன்னாளா? சொன்னாள், ஒரு தரம் சொன்னாள். ஒரு தரம் சொன்னால் எந்தப் பிள்ளை போகும்? வீட்டுக்குள்ளே தூக்கிவிட வேறு ஆள் இருந்ததா? விரலை நீட்டித் தொட்டுப் பார்த்தது. “வழவழன்னு இருக்கும்மா.” அதைக் கேட்டு அந்த நேரத்திலும் இவளுக்குச் சிரிப்பு வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். கொடியையும் கன்றோடு அதே குழியில் போட்டு மூடியிருக்கலாம், எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். கன்று உயிரோடு விழுந்தால்தான் இளங்கொடியை வைக்கோலில் சுற்றிக்கொண்டுபோய் ஆலமரத்தில் கட்டுவது. பால் வடிகிற மரம், அதில் கட்டினால் மாட்டுக்கும் பால் வற்றாது என்று ஒரு வழக்கம். கன்றே இல்லாத மாட்டுக்கு எதுக்கு அந்தச் சாங்கியம்? ஆனால் அவளுக்கு மனசு கேட்கவில்லை. கன்றுதான் போச்சு, பாலாவது நிற்கட்டும். பாப்பாவுக்குத் தினமும் ஒரு டம்ளர் வேண்டுமே. வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி, மொபெட்டின் முன்னால் பாப்பாவை நிற்க வைத்து, மூட்டையை அதன் வயிற்றோடு சாய்த்து வைத்தாள். மூட்டை சரியச் சரிய, “புடிச்சுக்க கண்ணு” என்றாள். அவள் வாயால்தான் சொன்னாள். பிள்ளை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தது, பெரிய வேலை கொடுத்துவிட்ட பெருமையில். சாக்கிலிருந்து கசிந்து பிள்ளையின் பாதம் வரைக்கும் வழிந்தது. ஏரிக்கரை ஆலமரத்தில் ஏற்கெனவே நாலைந்து மூட்டை காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. எட்டின கிளையில் கட்டினாள். திரும்பும்போது கடையில் பாப்பா பன் கேட்டது. வாங்கிக் கொடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்துத் தின்றது. இந்த இடத்துக்கு வந்தால் அவளுடைய நினைப்பு நின்றுவிடும், ஒரு மாசமாக இங்கேதான் நிற்கிறது. கையைக் கழுவி விட்டோமா? கடைக்குப் பக்கத்தில் குழாய் இருந்தது. குழாய் இருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது, அடியில் பாசி பிடித்த கல் இருந்ததுகூட ஞாபகம் இருக்கிறது. அந்தக் குழாயைத் திறந்தோமா? முந்தானையால் துடைத்தது தெரியும். துடைத்தது கழுவினதாகுமா? தன் கையைக் கழுவினாள், அது நிச்சயம், எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லையே என்று மண்ணைத் தேய்த்துக் கழுவினாள். அப்போது பாப்பா எங்கே நின்றது? வண்டி மேல் நின்றதா, கீழே இறங்கி நின்றதா? இறங்கி நின்றிருந்தால் கழுவி விட்டிருப்பாள். அடி பாவி, கழுவி விட்டிருப்பேன்னு ஆசைப்படறியா, கழுவி உட்டியா, அதைச் சொல்லு. ஐம்பத்து இரண்டு என்று யாரோ கத்தினார்கள்.

பன் கிடக்கட்டும், பால்? மாடு பால் தரத்தான் செய்தது. கறந்த சூடு ஆறுமுன், நுரையோடு டம்ளரில் பிடித்து அப்படியே பிள்ளைக்குக் கொடுப்பாள். கட்டுத்தரையிலேயே நின்று மடமடவென்று குடித்துவிட்டு, மீசை வரைந்த வாயோடு சிரிக்கும். காய்ச்சினால் சத்து போய்விடும், பச்சைப்பால்தான் உடம்புக்கு உரம் என்று யார் சொன்னது? எல்லோரும் சொன்னது. அவளே அப்படிக் குடித்து வளர்ந்தவள்தான். காய்ச்சலில் பிள்ளை இளைக்க இளைக்க, பாவம் தெம்பில்லை என்று இன்னும் அரை டம்ளர் கூடக் கொடுத்தாள். இதை நினைக்கும்போது மட்டும் அவளால் பெஞ்சில் நேராக உட்கார முடியவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள், இடம் போய்விடுமே என்று மறுபடி உட்கார்ந்தாள். மாசி மாசம் மாட்டுக்குத் தடுப்பூசி போட இன்ஸ்பெக்டர் வந்தார். தொட்டியில் கை கழுவிக்கொண்டே, “கன்னு வீசுன மாடு இதுதானுங்களா?” என்றார். ஆமாங்க. “நஞ்சைக் கையால எடுத்தீங்களாக்கும்? இனிமேல் அப்படிப் பண்ணாதீங்க. கன்னு வீசற மாட்டுகிட்ட ஒரு சீக்கு இருக்கும், அது மனுசனுக்கும் ஒட்டும். பாலைக் கொதிக்க வெச்சுக் குடிங்க. ஊட்ல யாருக்காச்சும் விட்டு விட்டுக் காச்சல் வந்தா டாக்டர்கிட்ட மாட்டைப் பத்தியும் சொல்லணும், என்ன? பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லீங்களே?” “ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லிவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் பாப்பா சுட்டுக்கொண்டு படுத்திருந்தது. எதுக்குப் பொய் சொன்னாள்? பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்தா சொன்னாள்? சொசைட்டியில் உன் பால் வேண்டாம் என்பார்களோ, மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்று ஒரு நொடி பயம், வாய் முந்திக்கொண்டது. அதுக்குப் பிறகு ஒரு சொட்டுப் பச்சைப்பால் கொடுக்கவில்லை. பொங்கப் பொங்கக் காய்ச்சித்தான் கொடுக்கிறாள். அடுப்பு முன்னால் நின்று பால் பொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம், இப்ப காச்சி என்னடி பண்றது என்று நெஞ்சு கேட்கும்.

ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. சட்டென்று வேகமாகப் போக ஆரம்பித்துவிட்டது, தடுப்பூசிச் சீட்டுகள் போலிருக்கிறது. இவ்வளவு நேரம் எப்போது வரும் எப்போது வரும் என்று இருந்தவளுக்கு இப்போது, கொஞ்சம் நில்லுங்களேன், நான் இன்னும் தயாராகலியே என்று இருந்தது. எப்படி ஆரம்பிப்பது? மேடம், எங்கூட்ல ஒரு மாடு இருக்குதுங்க. சீச்சீ, கதை சொல்கிற மாதிரி இருக்கிறது. மேடம், மாட்டு இன்ஸ்பெக்டரு சொன்னாருங்க. அவர் யாரும்மா என் வேலையைச் சொல்ல என்பார்கள். மேடம், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேனுங்க. ஆமாம், அப்படி ஆரம்பித்தால் நிமிர்ந்து பார்ப்பார்கள். பார்த்து, என்னம்மா தாய் நீ, பெத்த பிள்ளை கையில போய் அந்த மூட்டையைக் குடுத்தியா என்பார்கள். சொல்லட்டும். இதைவிட மோசமாக அவளே தன்னை ஒரு மாசமாகச் சொல்லியாகிவிட்டது, புதிதாக யார் சொல்லி என்ன ஆகப்போகிறது? பயம் வசவுக்கு அல்ல. சொல்லாமல் போனால் இன்றைக்கும் ஒரு மருந்து எழுதுவார்கள், இன்னொரு டைபாய்டு. பிள்ளை இன்னொரு மாசம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும், பிறகு அந்த நடையும் போகும். சந்தையில் ஒரு பெண் ஒற்றைக் காலை இழுத்து இழுத்து நடந்து பூ விற்பாள், அவளை ஏன் இப்போது நினைக்க வேண்டும்? நினைக்காதே. சொல்லியும் சிரித்துவிட்டால்? போன தரம் மாதிரி தானும் சேர்ந்து சிரித்துவிட்டால்? அந்தப் பயம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. ஐயோ, அறுபத்து இரண்டு. தன்விகா கண்ணைத் திறந்து, “ஊசி போடுவாங்களாம்மா?” என்றது. “போட மாட்டாங்க சாமி.” அடுத்த பொய்.

உள்ளே டாக்டர் சின்ன வயசுக்காரி, முப்பது இருக்கும். தெற்கத்திப் பேச்சு. “என்னம்மா பண்ணுது பிள்ளைக்கு?” என்றபடியே பழைய சீட்டுகளை வாங்கிப் புரட்டினாள்.

“காச்சலுங்க. வருதுங்க, போவுதுங்க. காலு ஊன மாட்டேங்கறா.”

“கீழ விழுந்தாளா?”

“இல்லீங்க.”

வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். இடது பக்கம் இரண்டாம் தரம் அமுக்கினாள். காலை மடக்கித் திருப்பியதும் தன்விகா வீறிட்டது. “சரி, சரி, முடிஞ்சுட்டு.” எழுத ஆரம்பித்தாள். “இடுப்புக்கு எக்ஸ்ரே, ரத்தம். ரெண்டையும் எடுத்துட்டு நாளை மறுநாள் வாங்க.” அவ்வளவுதான். சீட்டு கைக்கு வந்துவிட்டது. கதவருகே நின்ற பணியாள் அம்மா, “அறுபத்து நாலு” என்று குரல் கொடுத்தாயிற்று. கோகிலவாணி எழுந்தாள், பிள்ளையைத் தோளில் போட்டாள், சரீங்க என்றாள். கால் தானாக வாசலுக்கு வந்துவிட்டது. பழக்கின வாக்கியத்தில் ஒரு எழுத்துகூட வாயில் இல்லை. எதிரே அறுபத்து நாலு நம்பர்க்காரர்கள், தாத்தாவும் பேரனுமாக, உள்ளே நுழைய இடித்துக்கொண்டு நின்றார்கள். “நகரும்மா” என்றார்கள். அவள் நகரவில்லை. வாசற்படியில் நின்றபடி திரும்பி, மரவள்ளிக் காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற சத்தத்தில் சொன்னாள். “என்ற மாடு கன்னு வீசிருச்சுங்க! நாந்தாங்க கையை உட்டு நஞ்செடுத்தேன். பாப்பாளும் தொட்டாளுங்க. பச்சைப்பால் குடுத்தேனுங்க, மூணு மாசம், தெனமும் குடுத்தேன். அவ கையைக் கழுவி உட்டனான்னு எனக்கு ஞாபகமே இல்லீங்க!”

வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கோகிலவாணி சிரிக்கவில்லை.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டாள். “எப்போ?”

“என்னங்க?”

“மாடு எப்போ கன்னு வீசிச்சு? உள்ள வாங்க. உட்காருங்கம்மா. பெரியவரே, கொஞ்சம் பொறுங்க.”

ஐப்பசிங்க என்றாள். டாக்டர் கேட்டாள், இவள் சொன்னாள். காய்ச்சல் எத்தனை மணிக்கு வரும், வேர்க்குமா, எத்தனை நாள் விட்டு வரும், அது எத்தனாவது ஈத்து, அதுக்கு முன்னாடியும் வீசியிருக்கா, பால் எப்போதிலிருந்து காய்ச்சுகிறீர்கள். இத்தனை மாசத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. யாராவது கேட்க வேண்டும் என்றே நாள் விடாமல் மனசில் சேர்த்து வைத்திருந்த பதில். டாக்டர் முந்தின சீட்டை அடித்துவிட்டு வேறு எழுதினாள். “மண்ணீரல் கொஞ்சம் வீங்கியிருக்கு. நீங்க சொல்றதை வெச்சுப் பார்த்தா மாட்டுலேருந்து வந்த காய்ச்சலா இருக்கலாம். ரத்தத்துல பார்த்தாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும், அதுக்குத் தனி டெஸ்ட் இருக்கு. அதுதான்னா மாத்திரை இருக்கு. ஆறு வாரம், ஒரு நாள் தவறக் கூடாது.”

“காலுங்க?”

“மருந்து பிடிச்சா காலும் சரியாக நிறைய வாய்ப்பிருக்கு. இதை நீங்க சொல்லலைன்னா நான் எலும்பைத்தான் தேடிட்டு இருந்திருப்பேன்.”

திட்டவே இல்லை. திட்டுவாள் என்று உடம்பைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு, திட்டாததுதான் தாங்கவில்லை. மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள்.

“வீட்ல வேற யாருக்காவது காய்ச்சல் இருக்கா?”

“வேற யாருமில்லீங்க. நானும் பாப்பாளுந்தாங்க.”

“உங்களுக்கு?”

“எனக்கென்னங்க, நான் நல்லாத்தான் இருக்கறேன்” என்று வாய் வழக்கம்போலச் சொல்லிவிட்டது. டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டுத் தெர்மாமீட்டர் வைக்கச் சொன்னாள். நூற்றொன்று. கோகிலவாணிக்கு விளங்கவில்லை, யாருடைய சூட்டையோ தன் பேரில் எழுதுகிற மாதிரி இருந்தது. முதுகு வலிக்குமா என்றால், வலிக்கும், சாணிக்கூடை தூக்கினால் வலிக்காதா? பசி உண்டா? ஒரு ஆளுக்காக யார் ஆக்குவது, மிச்சம் மீதியைத் தின்றுவிட்டுப் படுப்பதுதான். விடியக்காலையில் வேர்க்குமா? அங்கேதான் பாய் ஞாபகத்துக்கு வந்தது. இத்தனை நாளும் பாயெல்லாம் நனைந்து கிடந்தது. பக்கத்தில் படுத்திருக்கிற பிள்ளையின் வேர்வை என்றுதான் நினைத்திருந்தாள். இத்தனூண்டு பிள்ளைக்கு அவ்வளவு வேர்வை எங்கிருந்து வரும் என்று ஒரு நாளாவது யோசித்தாளா? பாப்பாவின் காய்ச்சலுக்குக் கிழமை தப்பாமல் கணக்குச் சொல்கிறவளுக்குத் தன் உடம்பில் அது எந்த மாசம் வந்து குடியேறியது என்று தெரியவில்லை. கேட்க ஒரு ஆள் இருந்தால்தானே தெரியும்.

ரத்தம் எடுக்கிற அறையில் ஊசியைப் பார்த்ததும் தன்விகா கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்த ஆரம்பித்தது. ரத்தம் எடுக்கிற பெண்ணுக்கு இதெல்லாம் பழக்கம். இரண்டு சீட்டையும் பார்த்தாள். “மொதல்ல அம்மா குடுக்கட்டும். பாப்பா பாரு, அம்மா அழுவறாளான்னு பாரு.”

அழுகை பாதியில் நின்றது. “அம்மாளுக்கு எதுக்கு ஊசி?”

“அம்மாளுக்கும் காச்சல் கண்ணு.”

தன்விகா நம்பவில்லை. அம்மாவுக்கெல்லாம் காய்ச்சல் வருமா என்று முகத்தை உற்றுப் பார்த்தது. பிறகு கழுத்திலிருந்து ஒரு கையை எடுத்து, புறங்கையைத் திருப்பி, அம்மாவின் நெற்றியில் வைத்தது. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தது.

“சுடுதும்மா” என்றது.

“ஆமா சாமி, சுடுது” என்று சொல்லிவிட்டுக் கோகிலவாணி கையை நீட்டினாள்.